சுரங்கத்தில் அல்ல, வீட்டில்

ரோமர் காலத்துக் கிறிஸ்தவர்கள் என்றதும் சுரங்கத்துக்குள் விளக்கேற்றி ஒளிந்து ஜெபிக்கிற காட்சிதான் நம் பிரசங்கங்களில் வரும். அந்தச் சுரங்கங்கள் இடுகாடு. சபை கூடியது பெரும்பாலும் வீடுகளில். நம்ப முடியவில்லையா? சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் இருந்த ரோமப் படைநகரம் தூரா-யூரோப்போஸைப் பாருங்கள்.

மேற்கு மதிலை ஒட்டிய தெருவில், நடுவில் முற்றம் வைத்த சாதாரண வீடுதான் அங்கே சபை கூடிய இடம். சுவர்ப் பூச்சில் கீறியிருக்கும் ஆண்டு கி.பி. 232–33. பிறகுதான் சபையார் கைவைத்தார்கள். தெற்கே இருந்த இரண்டு அறைகளின் நடுச்சுவரை இடித்து, சுமார் 13 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் ஒரே கூடமாக்கினார்கள். சாப்பாட்டு அறையின் திண்ணைகளை மண்போட்டு மூடித் தரையைச் சமன்செய்து, கிழக்குக் கோடியில் சின்ன மேடை கட்டினார்கள். அவ்வளவுதான். கூடத்தில் ஓவியம் எதுவும் இல்லை.

செலவையெல்லாம் ஞானஸ்நான அறையில் கொட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கு மேல் நீலத்தில் நட்சத்திரம் தீட்டிய வளைவு. பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். பக்கச்சுவரில் திமிர்வாதக்காரன் கட்டிலைக் கவிழ்த்து முதுகில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் இயேசுவுக்குத் தாடி இல்லை! கிணற்றில் நீர் மொள்ளும் பெண் சமாரியப் பெண்ணா, மரியாளா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. நான் சமாரியப் பெண் கட்சி.

அதே தெருவில், நகர வாசலுக்கு வடக்கே யூத ஜெபக்கூடம். அதையும் தாண்டினால் படைவீரர்கள் கும்பிட்ட மித்ரா கோயில். இப்படிப்பட்ட தெருவில் சுவரை இடித்துக் கூடம் கட்டுவது அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் நடக்கிற காரியமா? துன்புறுத்தலே இல்லை என்று சொல்லவில்லை. ரோமப் பேரரசர் டேசியஸ் காலத்துக்கு, அதாவது 249-க்கு முன்னால், அது ஊருக்கு ஊர் வெடித்து அடங்கியது. பேரரசு முழுக்க ஒரே ஆணையாக வரவில்லை.

இந்த வீட்டை மண்ணுக்குள் புதைத்தவர்களும் ரோமச் சிப்பாய்கள்தான், ஆனால் மதவெறியில் அல்ல. சுமார் 256-இல் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது மதிலுக்கு முட்டுக்கொடுக்க அந்தத் தெருவையே மண்கொட்டி நிரப்பினார்கள். சபை, ஜெபக்கூடம், மித்ரா கோயில் மூன்றும் சேர்ந்தே உள்ளே போயின. ஊர் விழுந்தது, மறுபடி எழவில்லை. அதனால்தான் அந்த மண் அப்படியே கிடந்து, 1930-களில் தோண்டியபோது சுவரில் வண்ணம் மிஞ்சியிருந்தது. ஓவியங்களைப் பெயர்த்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்ணுக்குள் 1,600 ஆண்டுக்கு மேல் தாங்கிய வண்ணம் வெளியே வந்து நூறு ஆண்டுகூட ஆகாத நிலையில் வெகுவாக மங்கிவிட்டது.