மரகதம் சந்திரசேகர் 1991-இல் வந்தவர் அல்ல

'ராஜீவ் கொலையான அனுதாபத்தில்தான் மரகதம் சந்திரசேகர் எம்.பி. ஆனார், அதற்கு முன் யாருக்கும் அவரைத் தெரியாது' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

1991 தேர்தலில் அனுதாப அலை வீசியது உண்மை, சரி. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 1984-லும் 1989-லும் அவர் ஏற்கெனவே ஜெயித்திருந்தார். 1991 அங்கே மூன்றாவது வெற்றி. அதற்கும் முன்னால் போனால், 1952-இல் முதல் மக்களவைக்கே திருவள்ளூரிலிருந்து போனவர். நேருவின் அரசில் சுகாதாரத் துறைத் துணை அமைச்சர், ராஜ்குமாரி அம்ரித் கௌர் அமைச்சராக இருந்த காலம் அது. 1962-இல் மாயூரத்தில் வென்று உள்துறைத் துணை அமைச்சரானார். அப்புறம் 1970 முதல் 1984 வரை மாநிலங்களவை.

ஒரு பட்டியல் சாதிப் பெண், நாடு விடுதலையாகி ஐந்தே வருடத்தில் நாடாளுமன்றத்துக்குப் போனது எவ்வளவு பெரிய விஷயம்! 1991 மே 21 இரவு ராஜீவ் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது இவருக்கு ஓட்டுக் கேட்கத்தான். அந்த ஒரு இரவை மட்டும் வைத்து, சுமார் நாற்பது வருட அரசியல் வாழ்க்கையை அழித்துவிடாதீர்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.