யாருடைய மனசு லேசாகணும்?

பழைய மாணவர் சந்திப்புக்குக் கிளம்புகிற ஒவ்வொரு ஆணும் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘டேப்’ (2001) படத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். முக்கியமாக எங்கள் கடலூர்க்காரர்கள்.

அமெரிக்காவின் லான்சிங் நகரில் ஒரு மோட்டல் அறை. ஈதன் ஹாக், ராபர்ட் ஷான் லியோனார்ட், உமா தர்மன் என்று மூன்றே பேர். ஸ்டீபன் பெல்பரின் மேடை நாடகத்தைச் சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்திருக்கிறார்கள். படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கதை நடப்பதும் அவ்வளவு நேரம்தான். ஃபிளாஷ்பேக் கிடையாது. பத்து வருஷம் முன்னால் ஒரு ராத்திரி என்ன நடந்தது என்று காட்டியிருந்தால் நாமே தீர்ப்பு எழுதியிருப்போம். காட்டாததால் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

பள்ளி முடிகிற சமயத்தில், நண்பன் வின்ஸின் பழைய காதலி எமியிடம் பலவந்தமாக நடந்துகொண்டதை ஜான் வாயாலேயே வரவழைக்கிறான் வின்ஸ். அப்புறம்தான் தெரிகிறது, எல்லாம் டேப்பில் பதிவாகியிருக்கிறது. எமியையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறான். அவள் இப்போது அதே ஊரில் அரசு வழக்கறிஞர். ஜான் மன்னிப்புக் கேட்கிறான். அவளோ, அவன் நினைக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை என்கிறாள். உடனே ஜான், நடந்தது என்ன என்று அவளிடமே வாதாட ஆரம்பிக்கிறான்! எனக்கு உடம்பே கூசிவிட்டது. வின்ஸ் நியாயம் பேசுவதும் எமிக்காக இல்லை, பழைய பொறாமைதான். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க இத்தனை வருஷமாக இருவருக்குமே தோன்றவில்லை.

எங்கள் பேட்ச் சந்திப்பு முடிந்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுத்த குரூப் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. “பொண்ணுங்க ஏம்ப்பா இவ்ளோ கம்மி?” என்று ஒருவன் கேட்டான். “வீட்ல விட்டிருக்க மாட்டாங்க” என்று பதில். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணின் பெயரோடு அசிங்கமாகச் சுவரில் எழுதி, அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எழுதியவனும் அந்த போட்டோவில் நிற்கிறான். இப்போது அவள் நம்பரைக் கேட்டு எல்லோரையும் நச்சரிக்கிறான். “ஒரு சாரி சொல்லிட்டா மனசு லேசாயிடும்டா.”

யாருடைய மனசு? அவள் எங்கோ நிம்மதியாக இருக்கலாம். ஒரு மத்தியான நேரம் போன் அடித்து, அந்தச் சுவரை மறுபடி அவள் முன்னால் நிறுத்த இவனுக்கு என்ன உரிமை?

நம்பர் வைத்திருக்கிற தோழி கொடுக்க மறுத்துவிட்டாள். “அவகிட்ட கேக்கறேன். அவ சரின்னா தரேன்” என்று மட்டும் சொன்னாள். குரூப்பில் சிலருக்கு அது திமிராகத் தெரிகிறது. நான் அவள் பக்கம்தான். அங்கேயும் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன்.