மரப்பட்டைக் கட்டியில் சாம்பல்

பட்டைக் கழிவை இயந்திரத்தில் அழுத்தி எரிகட்டியாக்கினால் சாம்பலே மிஞ்சாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது அப்படியில்லை. அழுத்துவதால் இடையிலுள்ள காற்று வெளியேறி கட்டி கெட்டியாகிறது, அவ்வளவுதான். சாம்பலாக மிஞ்சும் தாதுக்கள் உள்ளேயே இருக்கும். பட்டையில் கால்சியம் போன்றவை கட்டையைவிட அதிகம். அப்புறம், மரத்தைத் தரையில் இழுத்து வரும்போது பட்டையின் வெடிப்புகளில் மண்ணும் மணலும் ஏறிவிடும், அதுவும் சாம்பல் கணக்கில்தான் சேரும். பட்டை உரித்த கட்டையில் சாம்பல் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. பட்டையில் 2 முதல் 5 சதவீதம் சாதாரணம்.

நம்ப வேண்டாம், பார்த்துவிடலாம். நன்றாகக் காய்ந்த கட்டியில் 500 கிராம் எடுத்து, சுத்தமான தகரத் தட்டில் வைத்து, வெட்டவெளியில் காற்றடிக்காத இடத்தில் முழுக்க எரியவிடுங்கள். கரித்துண்டு மிச்சமிருந்தால் கிளறி எரித்துவிட்டு, ஆறியதும் சாம்பலை நிறுங்கள். ஆய்வகத்தில் 550 டிகிரி செல்சியஸில் செய்வதன் எளிய வடிவம் இது. இதே எடையில் பட்டை உரித்த விறகையும் எரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.