சர்வர் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள்

போன மாதம் ஒரு புது ஷூட்டர் ஆட்டம் வாங்கினேன். மூன்று வாரம் விடாமல் ஆடினேன். ஆட்டத்தில் குறையே இல்லை. துப்பாக்கிச் சத்தம், மேப், ஓட்டம், எல்லாமே தொழில் தெரிந்தவர்கள் செய்தது. இதுவரை 120 மேட்சுக்கு மேல் முடித்துவிட்டேன். ஒவ்வொரு மேட்சிலும் என்னைத் தவிர ஒன்பது பேர். அப்படியென்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களோடு ஆடியிருக்கிறேன், அதில் ஒரு பெயர்கூட எனக்கு நினைவில்லை, ஒருவரையும் இரண்டாவது முறை பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆன்லைன் ஆட்டத்துக்குள் வந்தது கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 1.6 வழியாக, 2003-ல். அது முதலில் தனி ஆட்டமே இல்லை. ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் 1999-ல் செய்த மோட், அதாவது இருக்கிற ஆட்டத்தை மாற்றிச் செய்த வடிவம். அது பிடித்துப்போய் அடுத்த வருடமே வால்வ் நிறுவனம் அதைத் தன் ஆட்டமாக வெளியிட்டது. அன்றைக்கு ஆன்லைனில் ஆடப் போனால் கண்ணுக்கு முன்னால் வருவது சர்வர் பட்டியல், அதாவது ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர்களின் பட்டியல். சர்வரின் பெயர், எந்த மேப் ஓடுகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) எவ்வளவு, அவ்வளவுதான். சர்வர் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். அப்படி யாரோ ஒருவர் ஓட்டிய 20 பேர் சர்வர் ஒன்றில்தான் நான்கு வருடம் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை பொருந்தவில்லை.

முதல் வாரத்தில் நடந்த ஒன்று. டஸ்ட் 2 மேப், நான் பயங்கரவாதிகளைத் தடுக்கும் சிடி பக்கம், தொடர்ந்து தோற்றதில் கையில் ஆட்டப் பணம் 1,400 டாலர் மிச்சம். எம்4 துப்பாக்கி வாங்க 3,100 வேண்டும். பிஸ்டலை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவரின் பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில் இருக்கும், கடைசியில் இரண்டு அடிக்கோடு. அவர் ஒரு எம்4 வாங்கி என் காலடியில் போட்டார். ஒரு வார்த்தை டைப் செய்யவில்லை. எடுத்துக்கொண்டு, எதிரி குண்டு வைக்க வரும் பி பக்கம் ஓடினேன், டனல் வாயில் எட்டிப் பார்த்தேன், செத்தேன், துப்பாக்கி எதிரி கைக்குப் போய்விட்டது. அடுத்த ரவுண்டிலும் காலடியில் ஒரு எம்4. அதுவும் போனது. மூன்றாவது ரவுண்டில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஒரு வரி எழுதினார்: "பெட்டிக்குப் பின்னால் நில். சத்தம் கேட்கும் வரை நகராதே." நின்றேன். டனலில் காலடிச் சத்தம் கேட்டது. அந்த ரவுண்டில் இரண்டு பேரை வீழ்த்தினேன்.

அவர் ஏன் அத்தனை பொறுமையாக இருந்தார் என்று பல வருடம் கழித்து அவரிடமே கேட்டேன். "நாளைக்கும் நீ வருவாய் என்று தெரியும். நீ தேறினால் எனக்குத்தானே லாபம்" என்றார். நான் சொல்ல வருவது முழுக்க இந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

நாளைக்கும் அதே ஆள் வருவான் என்று தெரிந்தால் மனிதன் வேறு மாதிரி நடந்துகொள்கிறான். எங்கள் சர்வரில் யாருக்கு பிங் 200-ஐத் தாண்டும், யார் கோபத்தில் மைக்கை அணைத்துவிடுவார், யாருக்குக் காலையில் தேர்வு இருக்கிறது, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பிங் தூரத்தையும் பொறுத்தது: ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், ஆகவே சர்வர் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன இணைப்பு வைத்திருந்தாலும் போய்வர 80 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். இந்தத் தாமதத்தால் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் செத்து விழுந்தால் புதியவர்கள் ஏமாற்று வேலை என்று கத்துவார்கள். சுட்டவரின் திரையில் அந்தக் கணத்தில் நாம் இன்னும் வெளியேதான் நின்றிருப்போம், சர்வர் நேரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி அதை ஒப்புக்கொள்கிறது என்பதைப் பழைய ஆட்கள் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் விளக்குவார்கள். இன்றைக்கு யார் யாருக்கு விளக்குகிறார்கள்?

அப்புறம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஒரே கற்பனை உலகத்துக்குள் ஏராளமானோர் சேர்ந்து ஆடும் ஆட்டம். 2004 இறுதியில் வந்தது, நான் அடுத்த வருடம் சேர்ந்தேன். மோல்ட்டன் கோர் என்ற ரெய்டுக்கு, அதாவது பெரிய கூட்டுப் படையெடுப்புக்கு, 40 பேர். நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைப்பது ஒரு கல்யாணம் நடத்துகிற வேலை. முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் வந்துவிட்டாரா, காயம் ஆற்றும் ஹீலர்கள் எத்தனை பேர், ஒருவருக்குக் குழந்தை அழுகிறது, இன்னொருவருக்கு நெட் போய்விட்டது. இருபது நிமிடம் போராடிய பிறகு நாற்பது பேரும் ஒன்றாகச் செத்து விழுவோம், முனகிக்கொண்டே ஆவியாக ஓடிவந்து மறுபடி ஆரம்பிப்போம். ரெய்டு கிடக்கட்டும், ஐந்து பேர் போகிற சின்ன டஞ்சனுக்கே (அரக்கர்கள் இருக்கும் குகை மாதிரி இடம்) நகரத்தில் நின்று "ஒரு ஹீலர் வேண்டும்" என்று அரை மணி நேரம் சாட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிடைத்த ஹீலர் நல்லவராக இருந்தால் நண்பர் பட்டியலில் போட்டுக்கொள்வோம். பொதுப் பொருளை அள்ளிக்கொண்டு ஓடிய ஆளின் பெயர் இரண்டு நாளில் சர்வர் முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

2009 டிசம்பரில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. பொத்தானை அழுத்தினால் பல சர்வர்களிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிடும். நானும் சந்தோஷப்பட்டேன், அரை மணி நேரக் காத்திருப்பு மிச்சம் அல்லவா. ஆறு மாதத்தில் டஞ்சனுக்குள் பேச்சே நின்றுபோனது. "வணக்கம்" என்று போட்டால்கூடப் பதில் வராது. ஓடுவார்கள், அடிப்பார்கள், முடிந்ததும் ஒரு வார்த்தையும் இல்லாமல் மறைவார்கள். பொருளை அள்ளிக்கொண்டு ஓடினாலும் ஒன்றும் ஆகாது, அவர் வேறு சர்வர், இனி எங்கே பார்க்கப்போகிறோம்? 2019-ல் பழைய வடிவத்தை கிளாசிக் என்று திரும்பக் கொண்டுவந்தபோது இந்தப் பொத்தான் இல்லாமல்தான் வந்தது. முதல் நாளே அங்கே போய் நின்று "ஒரு ஹீலர் வேண்டும்" என்று கேட்டேன். அரை மணி நேரம் ஆனது. வந்த ஹீலரோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முகம் தெரியாத ஆளோடு என்ன நட்பு என்று கேட்பவர்களுக்கு நான் நார்வேக்காரர் மாட்ஸ் ஸ்டீனைப் பற்றித்தான் சொல்வேன். டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-ல் 25 வயதில் இறந்துபோனார். மகன் நண்பர்கள் இல்லாமல் தனியாகவே வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியை எழுதியதும் வார்கிராஃப்டில் அவரோடு ஆடியவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே நேரில் வந்தார்கள். ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில், ஒரே ஆட்களோடு இருந்ததால் வந்த உறவு அது. ஆட்டமே முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கிங் வரிசையில் அதற்கு வழியே இல்லை.

மேட்ச்மேக்கிங் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. 2004-ல் ஹாலோ 2 அதைப் பரவலாக்கியபோது அது ஒரு வரம்தான். சமமான திறமை உள்ளவர்களைச் சேர்த்துவிடும், புதியவர் நசுங்கமாட்டார், பொத்தானை அழுத்தினால் ஆட்டம். ஆனால் கூடவே இருக்க வேண்டியது, மெல்ல மெல்ல மற்றதைத் துரத்திவிட்டு தான் மட்டும் உட்கார்ந்துகொண்டது. 2009-ல் மாடர்ன் வார்ஃபேர் 2 கணினியில் வரும்போது ஆடுபவர்களே ஓட்டும் தனி சர்வர் வசதியையே எடுத்துவிட்டார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டமும் அமோகமாக விற்றது. பிறகு மற்ற நிறுவனங்கள் எதற்கு யோசிக்கப்போகின்றன?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஐந்துக்கு ஐந்து ஆடும் ஆட்டம் ஒன்றில் சில வருடம் ரேங்க் பைத்தியமாக இருந்தேன். ஒரு நாள் நாற்பது நிமிடம் இழுத்த ஆட்டம், எங்கள் அணியில் ஒருவர் புதியவர் என்று பார்த்தாலே தெரிந்தது. கடைசிச் சண்டையில் தவறான நேரத்தில் முன்னால் போய்விட்டார், தோற்றோம். நான் அவரைத் திட்டி எழுதியதை இங்கே எழுத முடியாது. அவர் "மன்னிக்கவும், இது எனக்கு மூன்றாவது ஆட்டம்" என்று பதில் எழுதினார். அதைப் படிப்பதற்குள் திரை மாறி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. அவருடைய பெயரைக்கூடக் கவனிக்கவில்லை, மன்னிப்புக் கேட்க வழியே இல்லை. எனக்கு எம்4 வாங்கிக் கொடுத்தவர் நினைவுக்கு வந்தார். அன்றோடு ரேங்க் ஆட்டத்தை விட்டேன். தப்பு என்னுடையதுதான், சாக்குச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆளை மறுநாளும் பார்க்க வேண்டியிருக்கும் என்றால் நான் அந்த வரியை எழுதியிருக்கமாட்டேன் என்பதும் உண்மை.

பழைய சர்வர்கள் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தோற்றால் உதைத்து வெளியே தள்ளும் அட்மின்கள் இருந்தார்கள். எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடும் குழு) இருந்த ஒரு தோழி, வேறு இடங்களில் பட்ட அனுபவத்தால், இரண்டு வருடம் மைக்கையே போடவில்லை. அவர் பெண் என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களை நம்பலாம் என்று தோன்றிய பிறகுதான் ஒரு நாள் பேசினார். அடுத்த வாரமே ஒருவன் அவரிடம் வம்பு செய்தான், கில்டு தலைவர் அதே நிமிடத்தில் அவனை வெளியேற்றி, ஏன் என்றும் எல்லோருக்கும் சொன்னார். இப்போது புகார்ப் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் "நன்றி" என்று ஒரு செய்தி வரும்.

அந்நியர்களோடு ஆடுவதே பிழை என்றும் நினைக்கவில்லை. 2012-ல் வந்த ஜர்னி ஆட்டத்தில் வழியில் ஒரு துணை சேரும். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு இசை ஒலி மட்டும் எழுப்பலாம். செய்துபார்த்த ஆரம்ப வடிவங்களில் ஒருவரை ஒருவர் தள்ள முடிந்தது, ஆட்கள் தள்ளி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் அதையே எடுத்துவிட்டதாக அதை உருவாக்கிய ஜெனோவா சென் சொல்லியிருக்கிறார். பனி மலையில் நானும் ஒரு முகம் தெரியாத ஆளும் ஒட்டிக்கொண்டே ஏறினோம், முடிவில்தான் அவர் பெயர் திரையில் வந்தது. ஆட்டத்தை எப்படிக் கட்டுகிறார்களோ அப்படித்தான் நாம் நடந்துகொள்கிறோம்.

2020-ல், கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எதிரியைக் கண்டுபிடிக்கும் அமங் அஸ் ஆட்டம் எல்லோரையும் பிடித்தபோது, அந்த இரண்டு அடிக்கோடு நண்பர்தான் எனக்கு லாபி (ஆட்டத்துக்கு முன் கூடும் அறை) குறியீட்டை அனுப்பினார். ஆறு எழுத்து. உள்ளே போனால் பழைய 1.6 ஆட்கள் ஏழு பேர், 13 வருடம் கழித்து. யார் பொய் சொல்கிறார்கள் என்று குரலை வைத்தே எனக்குத் தெரிந்தது. அந்தக் குறியீடு ஒரு சின்ன சர்வர் பட்டியல்தான், வேறொன்றும் இல்லை.

இதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். மூன்று வருடம் ஆடிய ஒரு ஆட்டத்தை (பெயர் வேண்டாம்) ஒரு அறிவிப்போடு மூடினார்கள். கடைசி ராத்திரி நாங்கள் முப்பது பேர் புதியவர்கள் வந்து இறங்கும் பாலத்தில் கூடினோம். யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒருவர் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டே இருந்தார். நான்கு நிமிடம் இருக்கும்போது எங்கள் ஹீலர் வரிசையாக எல்லோருக்கும் காப்பு மந்திரம் போட்டார், அரை மணி நேரம் நீடிக்கும் மந்திரம். இணைப்பு அறுந்து திரை உறைந்தபோது என் மூலையில் அதன் சின்னம் 26 நிமிடம் மிச்சம் என்று காட்டியது.

தி க்ரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை 2024 மார்ச் 31-ல் மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது. அதிலிருந்துதான் யூடியூபர் ராஸ் ஸ்காட் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025-ல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டினார்கள். அவர்கள் கேட்பது மூடும்போது ஆட்டத்தை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான். 1996-ல் வந்த குவேக் என்ற ஷூட்டர் ஆட்டத்தின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1999-லேயே வெளியிட்டது, அதை இன்றும் ஆடுகிறார்கள். முடியாத காரியம் இல்லை.

என் கோரிக்கை இதைவிடச் சின்னது. மேட்ச்மேக்கிங் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சர்வர் பட்டியலும் வையுங்கள், சர்வர் மென்பொருளைக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்தப் புது ஆட்டத்தை இப்போது மூடி வைத்துவிட்டேன். பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி அதில் ஒரு 1.6 சர்வர் போட்டிருக்கிறேன், வெளியாட்கள் உள்ளே வருவதற்கு 27015 போர்ட்டைத் திறந்துவிட்டேன். டஸ்ட் 2 மட்டும்தான் ஓடும், 16 பேருக்கு இடம். போன சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் பழைய ஆட்கள். மற்ற நான்கு பேர் யாரென்று எனக்குத் தெரியாது, பட்டியலைப் பார்த்து வந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அதற்கு முந்தைய சனிக்கிழமையும் அதே பெயரில் வந்திருந்தார்கள்.