பொணத்துக்கு மேஜர் வேஷம்

(திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பங்குனிப் பொங்கல், ராத்திரி ஒன்பதரை. மேடைக்குப் பின்னால் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் மாமா. பக்கத்தில் லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கும் அக்கா மகன்.)

மருமகன்: லண்டன்ல ஒரு பாட்டு நாடகம் சக்கைப்போடு போடுது மாமா. 'ஆபரேஷன் மின்ஸ்மீட்'னு பேரு.

மாமா: அப்படின்னா?

மருமகன்: கொத்துக்கறின்னு வச்சுக்கங்களேன்.

மாமா: கறிதோசை மேல அப்புவாய்ங்களே, அதா? கோயில் வாசல்ல உக்காந்து கறிப் பேச்சு எடுக்காத. கதையச் சொல்லு.

மருமகன்: நெசமா நடந்தது மாமா. 1943. உலகப்போர். இங்கிலீஷ்காரன் சிசிலித் தீவுல இறங்கணும். ஆனா ஜெர்மன்காரன் "இவய்ங்க கிரீஸுக்கும் சார்டினியாவுக்கும் போறாய்ங்க"ன்னு நம்பணும். அதுக்கு ஒரு பொணத்துக்கு மேஜர் வேஷம் கட்டி, கைப்பெட்டியில பொய்க் கடுதாசிய வச்சு, நீர்மூழ்கிக் கப்பல்ல கொண்டுபோயி ஸ்பெயின் கரையோரம் மெதக்க விட்டாய்ங்க.

மாமா: நல்ல நடிகன். அட்வான்ஸ் கேக்க மாட்டான், பஸ்ஸ விட்டுட்டேன்னு போன் பண்ண மாட்டான்.

மருமகன்: ஆனா வேஷம் கட்டுறதுக்குள்ள படுத்திட்டான். குளிர்ல வெறைச்ச காலுக்குப் பூட்ஸ் ஏறல. கரண்ட் அடுப்பை வச்சு பாதத்தை மட்டும் எளக்கி மாட்டியிருக்காய்ங்க. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தா, எந்தப் பக்கம் எடுத்தாலும் செத்த மூஞ்சி. கடைசியில அதே சாடையில உசுரோட இருந்த ஒரு ஆளைப் பிடிச்சு எடுத்தாய்ங்க.

மாமா: இங்க மட்டும் என்னவாம்? நோட்டீஸ்ல இருக்கிற மூஞ்சியும் மேடைக்கு வர்ற மூஞ்சியும் என்னைக்கு ஒத்துப்போச்சு?

மருமகன்: ஜோப்புல வேற சாமான் வச்சாய்ங்க. பேங்க்ல 79 பவுன் 19 ஷில்லிங் 2 பென்ஸ் கடன்னு ஒரு கடுதாசி. காதலி லெட்டரு, அவ போட்டோ, மோதிரம் வாங்குன பில்லு. அப்புறம் நாடகம் பாத்த டிக்கெட் துண்டு.

மாமா: காசு குடுத்து நாடகம் பாத்தவன்னா? அதை ஜெர்மன்காரன் நம்பிட்டானா?

மருமகன்: நம்பிட்டான் மாமா.

மாமா: வெளியூர்க்காரன், பாவம்.

மருமகன்: நாடகத்துல மொத்தமே அஞ்சு பேரு. எண்பதுக்கு மேல வேஷம்.

மாமா: (பதறி) மெதுவா! அங்கிட்டு அமைப்பாளர் நிக்கிறாரு. காதுல விழுந்துச்சு, அடுத்த வருசம் நாரதரையே பபூனும் கட்டச் சொல்லிருவாரு. சரி, எப்படி மாத்துறாய்ங்க?

மருமகன்: தொப்பி, மீசை, கோட்டு. அம்புட்டுதான். சுத்தி வர்றதுக்குள்ள வேற ஆளு.

மாமா: அதான் கணக்கு. கழுத்துக்கு மேல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, குரல்ல ஒண்ணு. அதுக்கு மேல மாத்துனா சனம் ஆளைத் தேடுமே தவிர சிரிக்காது.

மருமகன்: மாண்டகுன்னு ஒரு கடற்படை அதிகாரி. அந்த வேஷம் கட்டுனது ஒரு பொம்பளை. ஹெஸ்டர்னு ஆபீஸ் அம்மா. அந்த வேஷம் கட்டுனது ஆம்பளை. இது வேண்டாத வேலைன்னு சில பேரு மொணங்குறாய்ங்க.

மாமா: சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல இதே மதுரையில பால சபைன்னு பையன்க நாடகக் கம்பெனி ஆரம்பிச்சப்ப ஸ்திரீபார்ட்டு கட்டுனது யாரு? மீசை மொளைக்காத பயலுக. கே.பி.சுந்தராம்பாள் நந்தனாரா நிக்கலையா? போகச் சொல்லு. வேற என்ன குறை?

மருமகன்: பாட்டு ஓட்டமா ஓடுது, பாதி வரி புரியலைங்கிறாய்ங்க.

மாமா: (ஆர்மோனியத்தைக் கீழே வைத்துவிட்டு) இது குறை. சிரிப்பு கிளம்பி, உச்சிக்குப் போயி, இறங்கும். முக்காவாசி இறங்குற வரைக்கும் நான் சுதிய மட்டும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். முழுசா அடங்க விட்டா சூடு ஆறிரும். அதுக்கு முன்னாடியே பபூன் வாயத் தொறந்தா அடுத்த வரி சிரிப்புக்குள்ள மாட்டிக்கிரும். பின்னால உக்காந்தவன் "என்னப்பா சொன்னான்?"ம்பான். பக்கத்தாளு வெளக்குறதுக்குள்ள மூணாவது வரியும் போச்சு. இப்படி மூணு தடவை ஆனா நாலாவதுக்கு அவன் கடலை வாங்கப் போயிருவான். அதுக்கப்புறம் காளமேகமே வந்து பாடுனாலும் திரும்ப மாட்டான்.

மருமகன்: அங்கயும் பேண்டுக்காரய்ங்க ஒரே சந்தத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சு நிப்பாய்ங்க மாமா. ஆனா சில பாட்டு ராப்பு மாதிரி. நிக்க எடமே இல்ல.

மாமா: கொட்டகை எம்புட்டுப் பெருசு?

மருமகன்: ஃபார்ச்சூன் தியேட்டர். நானூத்திச் சொச்சம் சீட்டு.

மாமா: நம்ம பந்தல்ல முன்னால உருளுற பிள்ளைகளே அம்புட்டு இருக்கும். அந்தச் சின்ன எடத்துல ஓட்டம் எடுபடும்.

(வெளியே மைக் வீல் என்று கூவுகிறது.)

மாமா: ஏப்பா! கூம்புக் கொழாய மைக்கைப் பாத்துத் திருப்பாதன்னு எத்தனை வாட்டி சொல்றது! அது போட்ட சத்தத்தையே அது திரும்பக் கேட்டா கத்தத்தான் செய்யும்... நீ சொல்லு.

மருமகன்: பெரிய தகராறு இடைவேளைக்கு அப்புறந்தான். திரை தொறந்தா நாஜிக்காரய்ங்க வரிசையா நின்னு டான்ஸ் ஆடுறாய்ங்க. ஒரு கூட்டம் விசிலடிக்குது. இன்னொரு கூட்டம் கையத் தட்டலாமா வேணாமான்னு பக்கத்து சீட்டைப் பாக்குது.

மாமா: தட்டட்டும், தட்டாமப் போகட்டும். இந்தா, இதே திருமங்கலத்துல இருந்தாரே விஸ்வநாததாஸ். வள்ளி திருமண மேடையில 'கொக்கு பறக்குதடி பாப்பா'ன்னு எடுப்பாரு. வெள்ளைக் கொக்குன்னா யாருன்னு பாப்பாவுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். சனம் கையத் தட்டும், அவன் நோட்டுல எழுதுவான். பாட்டு ஒண்ணுதான். 1940 டிசம்பர் 31, அதுவும் சண்டைக் காலந்தான், மெட்ராஸ்ல முருகன் வேஷத்துல மயில் மேல இருந்தபடியே பாடிக்கிட்டு உசுரு போச்சு.

மருமகன்: (சற்று நேரம் பேசாமல்) இதுலயும் பொணத்தை வச்சுச் சிரிக்கிறதுதான் சில பேருக்குப் பொறுக்கல மாமா. அந்த ஆளு வேல்ஸ்காரன், கிளிண்டூர் மைக்கேல்னு பேரு. வீடு வாசல் கெடையாது. எலி மருந்து தின்னு செத்தவன். வயசு 34.

மாமா: அவனுக்காக யாரும் அழலையா நாடகத்துல?

மருமகன்: நேரா அழல. ஹெஸ்டர் அம்மா இருக்குல்ல, அது அந்தப் பொய்க் காதலி லெட்டரை எழுத உக்காருது. எழுத எழுதத்தான் தெரியுது, முந்துன சண்டையில அது பறிகுடுத்தவனுக்கு எழுதுதுன்னு. அதுவரைக்கும் கெக்கெபிக்கேன்னு இருந்த கொட்டகை கப்சிப். அந்த வேஷம் கட்டுன ஜாக் மலோனுக்கு 2024ல லண்டன் நாடகக்காரய்ங்க குடுக்குற ஒலிவியர் விருது, 2025ல அமெரிக்காவுல குடுக்குற டோனி விருது.

மாமா: பாட்டுக்குக் கூட்டு வாத்தியம் எம்புட்டு?

மருமகன்: ரொம்பக் கம்மி.

மாமா: அப்படித்தான் இருக்கணும். அந்த எடத்துல மிருதங்கக்காரன் கைய நீட்டுனா நானே மொறைப்பேன்.

மருமகன்: ஸ்பெயின்ல அவன் கல்லறையில மேஜர் மார்ட்டின்னு பொய்ப் பேருதான் இருந்துச்சு. 1998லதான் சொந்தப் பேரையும் சேத்து வெட்டுனாய்ங்க.

மாமா: அம்பத்தஞ்சு வருசமா வேஷம் கலைக்காம இருந்துருக்கான். (மணி அடிக்கிறது.) சரி, பபூன் ஏறப்போறான், நான் போறேன். நீ இருந்து பாக்குறியா?

மருமகன்: எப்ப முடியும்?

மாமா: விடியும்போது. ரெண்டு மணிக்கு மேடையில இருந்து பாத்தா நம்ம ஆடியன்சும் பாயில பொணம் மாதிரிதான் கெடப்பாய்ங்க. ஜோப்புல டிக்கெட் துண்டு மட்டும் இருக்காது.