கேண்டிட் என்று நம்பவைத்த ஹாலிவுட்

பழைய ஹாலிவுட் படம் எது கண்ணில் பட்டாலும் “கேண்டிட் ஷாட், என்ன ஒரு இயல்பு!” என்று பகிர்கிறார்கள். கேண்டிட் என்றால் போஸ் கொடுக்காமல், ஆள் தன்பாட்டில் இருக்கும்போது எடுத்த படம். அதில் பலவற்றுக்கு நாள், உடை, இடம் எல்லாம் குறித்துக்கொடுத்தது ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு. என்னைக் கேட்டால், போஸ் கொடுத்து எடுத்த போர்ட்ரெய்ட்டைவிட இந்த கேண்டிட்தான் பெரிய ஏமாற்று.

போர்ட்ரெய்ட் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெலை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 வாக்கில் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ் 8x10 அங்குலம். முகக் குறைகளை மறைக்கும் டச்சிங் பென்சில் புகுந்து விளையாட அத்தனை இடம் இருந்தது. நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு முகம் நிறையப் பழுப்புப் புள்ளிகள். நெகட்டிவில் அவை வெளிறித் தெரியும். பென்சில் பிடிக்க முதலில் ஒரு பூச்சு, பிறகு கூரான முனையால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். பிரின்ட்டில் அவை தோலோடு கலந்துவிடும். ஒரு இடம் கருக்க வேண்டுமென்றால் நேர்மாறு: நெகட்டிவில் உருவம் பதிந்திருக்கும் எமல்ஷன் படலத்தைக் கத்தியால் மெல்லச் சுரண்ட வேண்டும். பென்சில் கூடிப்போனால் முகம் மெழுகு பொம்மைதான். ஆனால் அது ஜோடித்த படம் என்பது பார்த்த உடனே தெரியும். அந்த வெளிச்சத்தில் யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை.

வீட்டுப் படங்கள் அப்படியில்லை. ஏப்ரன் கட்டி, அடுப்பைப் பார்த்துக் குனிந்து சிரிக்கும் நடிகை. இங்கே வெளிச்சத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அன்றைய பத்திரிகைக்காரர் கையில் 4x5 அங்குல ஃபிலிம் போடும் ஸ்பீட் கிராஃபிக் கேமரா, பக்கவாட்டில் ஃபிளாஷ் பல்ப். ஒரு படத்துக்கு ஒரு பல்ப். அடுத்ததுக்குள் பல்பையும் மாற்றி, ஃபிலிமையும் மாற்ற வேண்டும். அதனால் ஃபோகஸைப் பத்தடி போல முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஆள் அங்கே வரக் காத்திருப்பார்கள். கிடைக்கும் படத்தில் சுவரில் கூர்மையான நிழல் விழும், பின்னணி இருட்டில் முங்கும், முன்னால் நிற்பவர் தோள் வெளுத்துப்போகும். அப்படியில்லாமல் கூந்தல் ஓரத்தில் பின்வெளிச்சம், மூலைவரை சீரான ஒளி, விழியில் இரண்டு மூன்று ஒளிப்புள்ளி என்றிருந்தால், யாரோ முன்னதாகவே வந்து விளக்கு நிறுத்தியிருக்கிறார்கள். சில நிருபர்களும் வயர் இழுத்து இரண்டாவது பல்ப் வைத்ததுண்டு. ஒற்றை அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இப்படி ஜோடித்த கேண்டிட்டின் உச்சம் 1954 செப்டம்பர் 15, ‘தி செவன் இயர் இட்ச்’ படப்பிடிப்பு. நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூ, 52ஆம் தெருவுக்குப் பக்கம், நள்ளிரவு தாண்டிய நேரம். நடைபாதைக் கம்பிச்சட்டத்துக்கு அடியில் காற்றாடி, மேலே மர்லின் மன்றோ, எதிரே வரவழைத்த புகைப்படக்காரர்களும் பெருங்கூட்டமும். அந்தக் கூச்சலில் எடுத்தது சரிவராமல், இயக்குநர் பில்லி வைல்டர் பிறகு ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் மறுபடி எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், நம் நினைவில் நிற்கும் அந்த முழு உருவப் படம் சினிமாவில் இல்லை. அங்கே காலும் முகமும் தனித்தனியாகத்தான் வரும். உலகமே பார்த்தது ஸ்டில் ஃபோட்டோவை. காற்று பறக்கவிட்ட பாவாடை என்று நம்பினோம். அந்தக் காற்றுக்கும் சம்பளம் ஸ்டுடியோ கொடுத்தது.

ஆனாலும் ஏற்பாட்டுக்குள் நிஜம் நழுவி விழும். 1957இல் பெவர்லி ஹில்ஸ் ரோமனாஃப் உணவகத்தில் நடிகை சோஃபியா லோரனுக்கு பாரமவுண்ட் ஸ்டுடியோ கொடுத்த விருந்து. அழைப்பு, மேசை, கேமராக்கள் எல்லாம் ஏற்பாடு. பக்கத்தில் இருந்த நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டின் தாழ்ந்த கழுத்து உடையை லோரன் ஓரக்கண்ணால் பார்த்தாரே, அது மட்டும் எந்த விளம்பரப் பிரிவும் எழுதிக்கொடுக்காதது. அசல் கேண்டிட் என்று நான் ஒத்துக்கொள்வது இந்த மாதிரிப் படத்தைத்தான்.

பழைய பிரின்ட் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோ பெயரோடு தட்டச்சு செய்த குறிப்புத்தாள் அங்கே ஒட்டியிருந்தால், “கேண்டிட்” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் தாராளமாகப் பேரம் பேசலாம்.