முடிச்சுப் போடாதீங்கப்பா!

காலையில் ரஸ்தாளிச் சீப்பைத் தூக்கினேன். காம்பு மட்டும் கையோடு வந்தது. பழமெல்லாம் பொத் பொத்தென்று மேடையில் விழுந்தது. ஒன்று உருண்டு போய் கேஸ் அடுப்புக்கு அடியில் நசுங்கியது. அதைத் துடைக்கும்போது வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ரஸ்தாளி பழுத்தால் உதிரும், அது தெரியாதவள் இல்லை நான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை "காய்வெட்டா குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினேன். "நாலு நாள் தாங்கும்க்கா" என்றார் கடைக்காரர். தாங்கத்தான் செய்தது. அதில் மூன்று நாள் காயாக இருந்தே தாங்கியது! புதன்கிழமை ராத்திரி ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். வியாழக்கிழமை அடுப்படியில் ஈ மொய்க்கிறது.

தாத்தா வீட்டில் விட்டத்தில் கயிறு கட்டித் தாரைத் தொங்கவிடுவார்கள். மேல் சீப்பு முதலில் மஞ்சளாகும். அதைத் தின்று தீர்ப்பதற்குள் அடுத்தது கனியும். அடிச்சீப்புக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இப்போது பழுக்க வைக்கிற அறையில் தாரை அடுக்கி எத்திலீன் வாயு விடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. பழம் தானாக விடுகிற வாயுவும் அதுதான்; காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை அதற்கு அனுமதி உண்டு. தடை செய்த கார்பைடு கல்லைப் போட்டுப் பழுக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வாயு பட்ட தாரில் மேல் சீப்பு, அடிச்சீப்பு என்ற முறையெல்லாம் கிடையாது. மொத்தமும் ஒன்றாகப் பழுத்து ஒன்றாகக் கறுக்கும். கல்யாண வீட்டுக்குச் சரி. நாலு பேர் இருக்கிற வீட்டில் என்ன செய்வது?

சரி, கடைக்காரர் பாவம், விடுங்கள். என் கோபமெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் மேல். ஆப்பிள், வாழைப்பழம், கொய்யா எல்லாவற்றையும் ஒரே கேரி பையில் திணித்து, வாயை இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு மேடையில் வைத்துவிட்டுப் போவார். கேட்டால், "காத்துப் படாம இருந்தா கெடாதுல்ல."

ஏங்க, அப்பாயி எதுக்கு மாங்காயை அரிசிப் பானைக்குள்ள புதைச்சு மூடி வெச்சாங்க? கெடாம இருக்கவா? சீக்கிரம் பழுக்கத்தானே! காய் விடுகிற வாயு வெளியே போகாமல் அதையே சுற்றிச் சுற்றி வரும், அதனால் மளமளவென்று கனியும். அதே வேலையைத்தான் இந்த முடிச்சும் செய்கிறது. அதிலும் ஆப்பிள் அந்த வாயுவைத் தாராளமாக விடுகிற பழம். அதோடு வாழைப்பழத்தைக் கட்டி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பதா, பழுக்கப் போடுவதா? பத்து வருஷமாகச் சொல்கிறேன். நேற்றும் அந்த முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

அத்தை வேறு ரகம். கண்ணில் படுகிற பழமெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். 13 டிகிரிக்குக் கீழே போனாலே வாழைக்கு ஒத்துக்கொள்ளாது. ஃபிரிட்ஜுக்குள் நாலைந்து டிகிரிதான். பழுத்ததை வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே சுளை ஓரிரு நாளைக்கு நன்றாகவே இருக்கும். அவர் வைப்பது காயை. அது அப்புறம் வெளியே எடுத்து எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. கறுத்த தோலைப் பார்த்து "அழுகின பழத்தை வாங்கியிருக்கியே" என்று என்னையே கேட்பார். வெளியே இருக்க வேண்டியது உள்ளே போகும். உள்ளே இருக்க வேண்டிய திராட்சை, பறித்த பிறகு இனிக்கப் போவதே இல்லை என்கிற திராட்சை, கழுவின ஈரத்தோடு மேஜையில் கிடந்து பூசணம் பிடிக்கும். வாழை ஆராய்ச்சிக்கென்று தேசிய மையமே எங்கள் திருச்சியில்தான் இருக்கிறது. என்ன பிரயோஜனம்? அங்கிருந்து யாரும் எங்கள் அடுப்படிக்கு வந்து அத்தையிடம் பேசப் போவதில்லை.

இதில் வீடியோக்காரர்கள் வேறு. காம்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றினால் பத்து நாள் வருமாம். வாயு காம்பில் மட்டுமா வருகிறது? தோல் முழுக்க வருகிறது. நானும் சுற்றிப் பார்த்தேன். சுற்றாத சீப்பு எப்போது கறுத்ததோ, சுற்றியதும் அப்போதே கறுத்தது.

எனக்குத் தெரிந்து ஓரளவு கைகொடுப்பது, வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து ஆப்பிளை ஒரு மூலைக்கும் வாழையை வேறு மூலைக்கும் பிரித்துவிடுவது. சீப்பை ஆணியில் மாட்டினால் அடியில் கன்றாது. ரஸ்தாளியை மட்டும் மாட்டிவிடாதீர்கள், பழுத்ததும் நடுராத்திரியில் ஒவ்வொன்றாக விழும். எது செய்தாலும் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது. அரை டஜனாக வாங்குவதுதான் உருப்படியான வழி. ஆனால் "டஜனா வாங்கினா அஞ்சு ரூபா கம்மி" என்று ஒருவர் வீட்டில் இருக்கிறாரே!

கறுத்த பழத்தைப் பிசைந்து அப்பம் சுடலாமே என்று மட்டும் யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள். போன வாரச் சீப்புக்கு மூன்று நாள் அதைத்தான் தின்றோம்.